உதிரும் உரோமமும் பேணற் கடனும்

அறவியல் வினாக்கள் போரிலும் பஞ்சத்திலும் நீதிமன்றங்களிலும் மட்டுமே எழுகின்றன என்று கருதுவது கற்றோரிடையே காணப்படும் ஒரு பழக்கமாகும். வீட்டு விறாந்தையிலே காலையிற் பெருக்கித் தள்ளப்படும் ஒரு பிடி நாய் உரோமம் அத்தகைய வினா ஒன்றினை எழுப்பவல்லது என்று கூறினால், அது நகைப்புக்கு இடமாகலாம். எனினும், நாளாந்த வாழ்வின் சிறு காரியங்களிலேதான் மனிதன் தனக்குக் கட்டுப்பட்ட உயிரை எவ்வாறு மதிக்கின்றான் என்பது வெளிப்படுகின்றது. பெரிய நிகழ்ச்சிகளில் அவன் பிறர் பார்க்க நடந்துகொள்கின்றான். விறாந்தையில் அவனைப் பார்ப்பது நாய் மட்டுமே.

அண்மைக் காலத்தில் வளர்ப்பு நாய்களின் உதிரும் உரோமத்தை அகற்றுவதற்கென வீட்டிற் பயன்படுத்தத்தக்க உறிஞ்சு கருவிகள் விற்பனைக்கு வந்துள்ளன. சிறு பெட்டியொன்றினுள் மோட்டர். அதிலிருந்து நீளும் ஒரு குழாய். குழாயின் நுனியில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய சீப்பு, தூரிகை, உரோமம் கத்தரிக்கும் அலகு ஆகியன. சீப்பு, தளர்ந்து நிற்கும் உள்ளுரோமத்தை இழுத்தெடுக்க, அது காற்றிற் பறக்குமுன் குழாய் அதனை உறிஞ்சிப் பெட்டியுள் அடைத்துவிடுகின்றது. அதே கருவியின் மற்றொரு நுனியைப் பொருத்தினால் கதிரை மெத்தையையும் தரைவிரிப்பையும் சுத்தஞ் செய்யலாம். நாய்க்கும் கதிரைக்கும் ஒரே குழாய், நுனி மட்டுமே வேறு என்னும் இந்த அமைப்பு சற்றுச் சிந்திக்கத்தக்கது.

உரோமம் ஏன் உதிர்கின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. அல்சேஷன், லபிறடோர், பொமறேனியன் முதலிய இனங்களுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளியடுக்கு முரடானது, உள்ளடுக்கு பஞ்சு போன்றது. குளிர் நாடுகளிற் பகற்பொழுது நீளும்போதும் குறுகும்போதும் அம்மாற்றத்தை உடல் உணர்ந்து, உள்ளடுக்கினைப் பெருமளவில் உதிர்க்கின்றது. இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகையில் அமைந்த மன்னாரில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எனவே குளிர் நாட்டுக்கென உருவான உடலுக்கு இங்கே பருவம் தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உரோமம் உதிர்ந்துகொண்டே இருக்கின்றது. மன்னாரின் குறு உரோம நாட்டுநாயும் உதிர்க்கத்தான் செய்கின்றது. ஆனால் அது முற்றத்தில் உதிர்ப்பதனால் எவரும் கணக்கெடுப்பதில்லை. சோளகக் காற்று அதனை வாரிக்கொண்டு போய்விடுகின்றது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். வீட்டினுள் விழும் உரோமம் நாயின் குற்றமன்று. குளிர் நாட்டு விலங்கினை வெப்பக் கரைக்குக் கொணர்ந்தவனும், முற்றத்திலிருந்து அறைக்குள் அழைத்தவனும் மனிதன். பல தலைமுறைகளாகத் தன் விருப்பத்துக்கேற்ப இணைசேர்த்து, தானே தன்னைப் பேணிக்கொள்ள இயலாத உரோமத்தை அதற்கு அளித்தவனும் அவனே. ஓநாய்க்குச் சீப்பு வேண்டியதில்லை. பொமறேனியனுக்கு வேண்டும். வாராது விட்டால் உரோமம் சடைகட்டும். சடையின் கீழே தோல் புழுங்கிப் புண்ணாகும். ஆகவே உரோமம் வாரிவிடுதல் என்பது தயவு அன்று. மனிதன் தானே வாங்கிய கடனுக்குச் செலுத்தும் தவணை எனலாம்.

இக்கடன் யாருக்கு உரியது என்பதிலேதான் குழப்பம் தொடங்குகின்றது. உறிஞ்சு கருவியை வாங்குபவர் அதனை நாய்க்கு வாங்குகின்றாரா, வீட்டுத் தரைக்கு வாங்குகின்றாரா? இரண்டுக்கும் என்று விடை கூறுவது எளிது. பெரும்பாலான நாட்களில் அவ்விடை உண்மையாகவும் இருக்கும். உள்ளுரோமம் அகன்றால் நாய்க்குக் காற்றோட்டம், வீட்டுக்குத் தூய்மை. இரு நலன்களும் பிரியும் நாளிலேதான் உண்மை விடை வெளிப்படும். நாய் நடுங்குகின்றது, ஆனால் மாலையில் விருந்தினர் வருகின்றனர். அந்நேரத்திற் கருவி நிறுத்தப்படுகின்றதா இல்லையா என்பதே வினா.

நாயின் நடுக்கம் கற்பனையன்று. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். மோட்டரின் சுழற்சியில் மனிதனுக்குக் கேளாத கீச்சொலிகள் அதற்குக் கேட்கக்கூடும். 1901ஆம் ஆண்டில் ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கியபோது அது குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றின் மீது அமைந்த பேரியந்திரமாக இருந்தது. தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை யன்னல் வழியே வீட்டினுட் செலுத்துவர். அதன் இரைச்சலால் வீதியிற் சென்ற வண்டிக் குதிரைகள் மிரண்டதாக அன்றே புகார்கள் எழுந்தன. விலங்கின் அச்சம் இக்கருவியுடன் கூடவே பிறந்தது போலும்.

விலங்கினை இயந்திரம் எனக் கொண்ட சிந்தனை மரபு ஐரோப்பாவில் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் விலங்குகளுக்குச் சிந்திக்கும் ஆன்மா இல்லை என்றும், அவற்றின் செயல்கள் கடிகாரத்தின் அசைவு போன்றவை என்றும் வாதிட்டார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெந்தம் அதனை மறுதலையாகத் திருப்பி, விலங்கு சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே கேட்கத்தக்கது என்றார். இன்று எவரும் வாயினால் டேக்கார்ட்டை ஏற்பதில்லை. ஆனால் கதிரையைச் சுத்தஞ்செய்த கையோடு நுனியை மாற்றி நாயைச் சுத்தஞ்செய்யும்போது, வாயினால் மறுத்ததைக் கை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. தத்துவங்கள் நூல்களில் மட்டும் வாழ்வதில்லை.

மன்னாரின் சமய மரபுகள் இவ்விடயத்தில் என்ன கூறுகின்றன என வினவுவது பொருந்தும். கத்தோலிக்கரும் இசுலாமியரும் சைவரும் அடுத்தடுத்து வாழும் தீவு அது. பாரதத்தின் இறுதியில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகு செல்ல மறுத்த தருமனின் கதை சைவ வீடுகளுக்கு அந்நியமன்று. நாயின் உமிழ்நீரைத் தூய்மைக் குறைவாகக் கருதி, அதனை வீட்டினுள் வளர்ப்பதைத் தவிர்க்கும் இசுலாமிய வழக்கத்திலேயே, தாகத்தால் வாடிய நாய்க்குக் கிணற்று நீர் முகந்து வார்த்தவர்க்கு இறை மன்னிப்புக் கிட்டியது என்னும் நபிமொழியும் போற்றப்படுகின்றது. கத்தோலிக்க மரபிற் கொள்ளைநோயால் காட்டில் ஒதுங்கிய புனித றோக்கிற்கு அப்பங் கொணர்ந்ததும் புண்ணை நக்கியதும் ஒரு நாய்; அங்கே பேணுவது விலங்கு, பேணப்படுவது மனிதன்.

இம்மூன்றிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. நாய் எங்கும் வெளியிலேயே நிற்கின்றது: வழியில், கிணற்றடியில், காட்டில். மரபு கற்பிப்பது எதிர்ப்பட்ட உயிர்க்குக் காட்டவேண்டிய இரக்கத்தை. அறைக்குள் வந்து, கதிரையில் ஏறி, பதினைந்து ஆண்டுகள் கூடவே வாழும் நாய்க்கு நாள்தோறும் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அம்மரபுகளிடம் முன்னுதாரணம் குறைவு. இரக்கம் ஒரு கணத்தின் செயல். பேணல் ஆண்டுகளின் செயல். முன்னதில் வல்லவர் பின்னதிலும் வல்லவராயிருப்பர் என்பதற்கு உறுதி இல்லை.

பேணலை நாள்தோறும் செய்த அனுபவம் மன்னார்க்கரைக்கு இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டிடுவது ஆண்டுக்கொரு நாட் சடங்கு. ஆனால் அச்சடங்கிற்குப் பின்னால், ஆண்டின் எஞ்சிய நாட்களில் வைக்கோலால் மாட்டின் முதுகைத் தேய்த்து, காதுமடலிலும் வாலடியிலும் உண்ணி பார்க்கும் உழைப்பு இருந்தது. உழவு மாட்டின் உடல்நலம் குடும்பத்தின் சோறு. பயனும் பரிவும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது எங்கே முடிகின்றது என்று பிரித்துக் காட்டுதல் அரிது. பயன் நீங்கியபின் பரிவு எஞ்சுகின்றதா என்பதே கடினமான சோதனை.

அச்சோதனையின் விடையை மன்னார் நகரின் வீதிகளிலே காணலாம். மன்னாருக்குப் பெருக்க மரத்தைப் போலவே கழுதையையும் அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. பொதி சுமந்த அவ்விலங்குகளின் வேலையை லொறியும் உழவு இயந்திரமும் எடுத்துக்கொண்டன. கழுதைகளை எவரும் கொன்றுவிடவில்லை. எவரும் வைத்துக்கொள்ளவும் இல்லை. அவை பெருகி, நகரெங்கும் திரிந்து, குப்பையில் பொலித்தீனைத் தின்று, இரவில் தார் வீதியிற் படுத்து வாகனங்களில் அடிபடலாயின. பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு நிறுவனம் அவற்றுக்கென மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் தொடங்கியதோடு, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைக் கழுதைகளுடன் பழகவிடும் முறையினையும் அறிமுகப்படுத்தியது. உலகின் பல இடங்களிற் கையாளப்படும் அத்தகைய முறைகளிற் பிள்ளைக்கு முதலிற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு தூரிகையே. பேசத் தயங்கும் பிள்ளை விலங்கின் கழுத்தை வாரிவிடுகின்றது. விலங்கு அசையாது நிற்கின்றது. அந்நிலையிற் பேணுபவர் யார், பேணப்படுபவர் யார் என்பது மீண்டும் தெளிவற்றுப் போகின்றது.

கொல்லாமையைத் தலையாய அறங்களுள் வைத்தது தமிழ் மரபு. திருக்குறள் அதற்கெனத் தனியதிகாரம் வகுத்துள்ளது. இலங்கை அரசும் தெருநாய்களைக் கொன்று குறைக்கும் பழைய முறையை விடுத்து, தடுப்பூசியாலும் கருத்தடையாலும் கட்டுப்படுத்தும் கொள்கையை 2006ஆம் ஆண்டில் ஏற்றது. வரவேற்கத்தக்க மாற்றம், ஐயமில்லை. ஆனால் மன்னாரின் கழுதை கொல்லாமையின் எல்லையையும் காட்டி நிற்கின்றது. கொல்லாது விடுதலும் பேணாது விடுதலும் ஒருங்கே நிகழக்கூடியவை. தன் கையில் இரத்தம் இல்லை என்பதனால் ஒருவன் தன் கடன் தீர்ந்தது எனக் கருதிக்கொள்ள இயலும். கழுதையோ குப்பைமேட்டில் நின்றுகொண்டிருக்கும்.

'கைவிடுதல்' என்னும் சொல்லினுள்ளேயே கை இருக்கின்றது. ஆயின், கைவிடுதல் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் மன்னார்த் தீவிலிருந்தும் வெளியேற்றப்பட்டபோதும், 2007 தொடக்கம் 2009 வரையான காலத்திற் பெருநிலப்பரப்பின் தமிழ்க் கிராமங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும், மக்கள் உடுத்த உடையோடும் தூக்கிய குழந்தையோடும் சென்றனர். கட்டுத்தறி அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளும் வாசலிற் படுத்த நாய்களும் பின்னே நின்றன. அதனை அறத்தின் தராசில் இட்டு நிறுப்பதற்கு எவருக்கும் தகுதி இல்லை. கை பறிக்கப்பட்டவன் கைவிட்டவன் அல்லன். தரையில் உரோமம் விழுகின்றது என்பதற்காக ஒரு நாயைச் சாக்கில் இட்டுச் சந்தையடியில் விட்டுவருபவனின் செயல் வேறு வகையது. அச்செயலைப் பற்றியே ஈண்டு பேசப்படுகின்றது.

ஏனெனில், உரோமம் உண்மையிலேயே நாய்களைத் தெருவுக்கு அனுப்பும் காரணங்களுள் ஒன்று. குழந்தைக்கு இழுப்பு வந்தால் முதற் பழி நாய்மேல் விழும். அப்பழி முழுப்பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. ஒவ்வாமையை உண்டாக்கும் புரதங்கள் பெரும்பாலும் நாயின் உமிழ்நீரிலும் தோற்பொடுகிலும் உள்ளன. உரோமம் அவற்றைச் சுமந்து செல்லும் வாகனமே. உதிர்ந்த உரோமத்தையும் பொடுகையும் காற்றிற் பறக்கவிடாது அகற்றினால் துன்பம் ஓரளவு குறையலாம். இவ்விடத்திலே உறிஞ்சு கருவிக்கு ஒரு நேர்மையான நியாயம் உண்டு. பழைய கைச்சீப்பு உரோமத்தைக் காற்றிற் கிளப்பும். இழுப்புநோய் உள்ள வீட்டில் அது ஆகாது. கருவி அந்த வீட்டில் நாய் தொடர்ந்து வாழ இடமளிக்கின்றது என்றால், அதனை ஆடம்பரம் என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பாகும். முழங்கால் நோவுடன் நாளுக்கு இருமுறை குனிந்து பெருக்கும் முதியவளுக்கும் அது உதவி. வீட்டுத் துப்புரவு பெரும்பாலும் பெண்களின் முதுகிலேயே ஏற்றப்பட்டிருக்க, நாயைக் கொஞ்சும் உரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களில், கருவியைப் பழிப்பவர் தாம் தும்புத்தடி பிடித்ததுண்டா என்றும் கேட்கவேண்டும்.

எனினும், கை அறிவதைக் கருவி அறியாது. மன்னாரின் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் நாய்களைப் பற்றுகின்றது. உண்ணிக் காய்ச்சல் நாய்க்கு உயிராபத்து. தோலிற் கடித்து ஊன்றிய உண்ணியை உறிஞ்சுகுழாய் எடுப்பதில்லை. சீப்பின் பல் அதன் உடலைப் பிய்த்து வாயுறுப்பைத் தோலிலேயே விட்டுவிடவுங் கூடும். காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டியின் கீழ், கால்விரல்களின் இடுக்கு ஆகிய மூன்றிடங்களிலும் விரல்களே தேடவேண்டும். தேடும் விரல்களுக்கு வேறு பலவும் தட்டுப்படும்: போன மாதம் இல்லாத ஒரு கட்டி, தொட்டதும் சுருங்கும் ஓர் இடம், உணவு குறைந்ததனால் துருத்தத் தொடங்கிய விலா எலும்பு. இவையெல்லாம் மிருக வைத்தியரிடம் கூறவேண்டிய செய்திகள். உரோமம் முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது என்பதனால் நாய் பேணப்பட்டுவிட்டது என்று கொள்பவர் இச்செய்திகளை இழக்கின்றார்.

ஆகவே கையா கருவியா என்னும் எதிர்நிலை பொருளற்றது. கை முதலிற் செல்லவேண்டும் என்பதே பொருளுடையது. கருவியைக் கையாளும் முறையிலும் இவ்வுண்மை புலப்படும். நாயின் முன் கருவியை முதற் சில நாட்கள் இயக்காது வைத்து மோந்து பார்க்கவிடுவர். பின்னர் அடுத்த அறையில் அதனை இயக்கி, நாய்க்கு விருப்பமான உணவைக் கொடுப்பர். அதன்பின் உறிஞ்சாத சீப்பினால் மட்டும் வாருவர். இறுதியிலேயே குறைந்த வேகத்தில் முதுகுப் பகுதியில் ஓரிரு நிமிடங்கள். முகம், காது, வயிற்றடி, புண்ணுள்ள இடம் ஆகியவற்றில் குழாய் செல்லலாகாது. ஈர உரோமத்திலும் ஆகாது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இழுத்தால் தோல் சிவக்கும். வெப்பத்தைக் காரணங்காட்டி ஈரடுக்கு உரோமத்தைத் தோல்வரை மழித்துவிடுவதும் தவறு. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அவ்வுரோமமே.

இம்முறைக்கு இரண்டு வாரமேனும் செல்லும். விருந்தினர் வருமுன் முடிக்கவேண்டிய வேலையாகக் கருதுபவருக்கு அவகாசம் இராது. பேசாத உயிரின் இசைவு என்பது உண்டா என மெய்யியலாளர் வாதிக்கலாம். வால் கால்களிடையே செருகப்படுவதும், காது பின்னே மடிவதும், பசியில்லாதபோது நாவால் உதட்டை நக்குவதும், கண்ணின் வெண்மை தெரிய ஓரப்பார்வை பார்ப்பதும் மறுப்பின் மொழி என்பதை நாயுடன் பழகிய எவரும் அறிவர். அம்மொழியைப் படித்தும் கருவியை நிறுத்தாதவர் அதனைப் படிக்கத் தெரியாதவரினும் பொறுப்பு மிக்கவர். எழுத்தறிவு குற்றத்தைக் கூட்டும் இடங்கள் உண்டு.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை தடைப்பட்டது. மோட்டர்கள் நின்றன, உரோமம் உதிர்வது நிற்கவில்லை. பேணலை முற்றாக மின்சாரத்திடம் ஒப்படைத்த வீடுகளில் அந்நாட்களில் நாயைத் தொட்டவர் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறும் விடயமன்று.

ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் தம் அறவியல் விரிவுரைகளில் நீண்டகாலம் உழைத்து முதுமையுற்ற நாயொன்றினை உதாரணங் காட்டுகின்றார். இனிப் பயனில்லை என்று அதனைச் சுட்டுக்கொல்பவன் நாய்க்குச் செய்யவேண்டிய கடமையை மீறவில்லை. விலங்குக்கு நேரடிக் கடமை எதுவும் இல்லை. ஆனால் அவன் தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைக் காயப்படுத்திக்கொள்கின்றான் என்பது அவர் வாதம். இவ்வாதம் பாதித்தூரமே செல்கின்றது. முதிய நாயின் அருகில் அமர்ந்திருப்பவருக்குத் தன் மனிதத்தன்மை காக்கப்படுகின்றதா என்னும் கவலை எழுவதில்லை. அதன் இடுப்பு நோகின்றது என்பதே அவர் அறிவது. கடன் அந்த நோவிலிருந்து நேரே வருகின்றது. கான்ற் கூறும் சுற்றுவழியிலே அது வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு சென்ற நாயின் தோல் மெலிந்துவிடும். சீப்பின் பல் அதற்கு முள். நீண்டநேரம் நிற்க அதன் பின்னங்கால்கள் இடந்தரா. முன்பு பழக்கப்பட்டிருந்த இரைச்சலையே இப்போது அது அஞ்சத் தொடங்கலாம். அந்நிலையில் வீட்டார் கருவியை அலுமாரியில் வைத்துவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியால் உரோமத்தின் போக்கிலேயே மெல்லத் துடைத்து, படுத்த நிலையிலேயே ஒரு பக்கம், சற்று ஓய்ந்தபின் மறுபக்கம் என முடிக்கவேண்டியதாகின்றது. உரோமம் முழுவதும் துணியில் வராது. ஒரு பகுதி பாயிலும் ஒரு பகுதி தரையிலும் விழும். அதற்குத் தும்புத்தடி போதும்.